களைக்கொல்லி மரபணுவை மாற்றுகிறதா?

தோட்டத்தில் அடிக்கும் களைக்கொல்லி, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் மரபணுவை மாற்றிவிடுமா? நியாயமான கேள்வி.

நாம் நன்கறிந்த கிளைபோசேட் மருந்தையே எடுத்துக்கொள்வோம். செடி தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தயாரிக்க ஒரு நொதி உதவுகிறது. கிளைபோசேட் அந்த நொதியை முடக்குகிறது, செடி பட்டுப்போகிறது. மண்ணிலுள்ள பாக்டீரியா, பூஞ்சை பலவற்றுக்கும் அதே நொதி உண்டு. ஆகவே அவையும் பாதிக்கப்படலாம்.

மருந்தைத் தாங்கும் மரபணுவை மருந்தே எழுதிக் கொடுப்பதில்லை. எண்ணற்ற நுண்ணுயிர்களில் சிலவற்றுக்கு அந்த நொதி இயல்பிலேயே சற்று மாறுபட்டிருக்கும். மற்றவை தளரும்போது அவை பெருகுகின்றன. கிளைபோசேட் ஆலைக் கழிவில் அப்படிப் பிழைத்திருந்த ஒரு பாக்டீரியாவின் மரபணுதான், 1996இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சோயாவில் புகுத்தப்பட்டது.

களைகளுக்கும் இதே கதைதான். 1997இல் நம் பேராக், தெலுக் இந்தானில் கிளைபோசேட்டுக்கு மடியாத சம்பாவ் புல் கண்டறியப்பட்டது. அங்கும் அந்த நொதிக்குரிய மரபணுவில்தான் மாற்றம்.

எனவே ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் அடிக்க வேண்டாம். கையால் களையெடுப்பதும் மூடுபயிர் வளர்ப்பதும் துணைக்கு இருக்கட்டும். இல்லையேல், மருந்துக்கு அஞ்சாத களையை நாமே தேர்ந்தெடுத்து வளர்த்தவர்களாவோம்.