ஆளுக்கொரு பலகை, அனைவருக்கும் ஒரே தண்டவாளம்

நீண்டகாலச் சிகிச்சையில் இருப்போர் பலர் நண்பர் குழுக்களிலிருந்து தாமாகவே விலகிக்கொள்கின்றனர். வருவதாகச் சொல்லிவிட்டு வர இயலாமற்போனால் மற்றவர்களுக்கு இடையூறு என்பது அவர்களின் தயக்கம். நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இவர்களும் தயக்கமின்றிச் சேரக்கூடிய ஒரு பொழுதுபோக்கு உண்டு. அது, நண்பர்கள் கூடிப் பலகை பலகையாக அமைக்கும் மாதிரி இரயில்பாதை.

பலகை முறை என்பது யாது?

பாதை முழுவதையும் ஒரே இடத்தில் கட்டாமல், ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு பலகையைச் செய்வர். கூடும் நாளில் அவற்றை மேசைமேல் இணைத்து இரயிலை ஓட்டுவர். 2000-ஆம் ஆண்டளவில் ஜப்பானில் தோன்றிய மேசைப் பலகை முறையில் ஒரு பலகையின் நீளம் சுமார் 31 சென்டிமீட்டர். தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். தண்டவாளத் துண்டுகள் அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும்.

பலகையின் உயரம், முன்விளிம்பிலிருந்து தண்டவாளம் அமையும் தூரம், மின்கம்பிகளை இணைக்கும் முறை ஆகியவற்றில் மட்டுமே அனைவரும் ஒத்துப்போக வேண்டும். பலகையின்மேல் என்ன காட்சி அமைப்பது, எத்தனை மாதத்தில் முடிப்பது என்பதெல்லாம் அவரவர் விருப்பம். ஒருவர் வர இயலாவிட்டால், அவர் பலகையையும் எதிர்ப்பக்கத்தில் அதே நீளமுள்ள இன்னொன்றையும் எடுத்துவிட்டால் வட்டம் மீண்டும் இணைந்துவிடும், இரயில் நிற்காது. மூலைப் பலகைகள் நான்கும் இல்லாமல் மட்டும் வட்டம் முடியாது. எனவே, சிகிச்சை தொடர்பவரிடம் மூலைப் பலகையை ஒப்படைக்காதீர்கள், நேர்ப்பலகையைக் கொடுங்கள்.

நம் பாதையையே அமைக்கலாம்

மதுரை–போடிநாயக்கனூர் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 90 கிலோமீட்டர். 160-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அது அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும். ஆகவே தேர்ந்தெடுத்த காட்சிகளே போதும்: உசிலம்பட்டி, பாறையை வெட்டிச் செல்லும் ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, மலையடிவாரத்துப் போடி நிலையம். மீட்டர் கேஜ் பாதை 2010-இன் இறுதியில் மூடப்பட்டது. அகலப்பாதை 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் வந்தது. பழைய நிலையம் எப்படி இருந்தது என்று சொல்ல, அதில் பயணம் செய்த பெரியவர்கள் வேண்டும். படுக்கையில் இருப்பவரும் இதில் வழிகாட்டியாக அமர முடியும்.

ஒரு பலகையில் மலையை வைக்கலாம். 1908 முதல் மூணாற்றுத் தேயிலை சிறு இரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, கம்பிவடம் வழியாகக் கோட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இரயில்பாதையை அழித்தது. ஏலச்செடி நிழலில் வளர்வது. எனவே முதலில் உயர்ந்த மரங்களை நட்டு, அவற்றின் கீழே பச்சை வண்ணமிட்ட தேங்காய் நாரைச் செடிகளாக ஒட்டுங்கள். மலைக்குக் காகிதக் கூழ் போதும். தண்டவாளமும் இஞ்சினும் விலைக்கு வாங்க வேண்டியவை. குழுவிற்கு ஓர் இஞ்சினே போதும்.

உடல்நலம் கருதிக் கவனிக்க வேண்டியவை

பக்கவாதத்திற்குப் பின் விரல்களுக்குச் சிறு பொருள்களை எடுத்து வைக்கும் பயிற்சி அளிக்கப்படுகிறது. மரம் நடுவதும் வேலி ஒட்டுவதும் அத்தகைய அசைவுகளே. எனினும் இது சிகிச்சைக்கு மாற்று அன்று.

• ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளோர் தெர்மோகோலைச் சூடான கம்பியால் வெட்டுவதையும், தெளிப்பு வண்ணத்தையும் தவிர்க்கவும்.
• இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் கத்தி வேலையை மற்றவரிடம் விடவும்.
• நீரிழிவால் விரல்கள் மரத்துப்போனவர்கள் சூடான கருவிகளைத் தொட வேண்டா.
• பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டோர் வலுவான காந்தங்களை மார்பிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வைத்திருக்கவும்.
• புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையில் இருப்போர் உண்மையான மண்ணையும் காய்ந்த புல்லையும் கையாள வேண்டா. அவற்றில் பூஞ்சை இருக்கலாம்.
• அரைமணிக்கொரு முறை எழுந்து சிறிது நடக்கவும். சிறு பாகங்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்.

உடனிருந்து கவனிப்போருக்கு ஒரு சொல்: நோயாளியின் பலகைக்கு உதவுவதோடு நின்றுவிடாமல், உங்களுக்கென்றும் ஒரு பலகை வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு அரைமணி நேரம் கிடைத்தாலும் அது வளரும். நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வர இயலாதவரின் பலகையைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த முறை அவருக்குரிய இடத்தில் மீண்டும் பொருத்துங்கள். உங்கள் உடல்நிலைக்கு எந்த வேலை ஏற்றது என்பதை அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்டறிந்து தொடங்குங்கள்.