கணிப்பொறி எல்லோர்க்கும் வழிவிடுகிறதா?

உடற்குறை உடையோரின் கல்வியில் நம் மைசூர் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. காது கேளாதோர்க்கும் கண் பார்வையற்றோர்க்குமான அரசுப் பள்ளி இங்கு 1901ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1965இல் அமைந்தது. மாற்றுத் திறனாளிகளுக்கென்றே ஜே.எஸ்.எஸ். பாலிடெக்னிக் ஒன்று 1991 முதல் நடைபெற்று வருகின்றது.

இத்தகைய இடங்களில் கற்றுத் தேர்ந்த இளைஞர் ஒருவர் அலுவலகத்தில் சேர்ந்தபின் நேர்வது யாது? கடிதம், கணக்கு, வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம் ஆகிய யாவும் இன்று மென்பொருளின் வழியே நடைபெறுகின்றன. அம்மென்பொருள் வழிவிடவில்லையேல், அரும்பாடுபட்டுப் பெற்ற கல்வி வாயிலோடு நின்றுவிடும். அத்தடை அவர் கண்ணில் இல்லை. மென்பொருளைச் சோதியாமல் வாங்கியோரின் கவனக்குறைவில் இருக்கின்றது.

பார்வையற்றவர் கணிப்பொறியில் எங்ஙனம் பணி செய்கிறார் என்று அன்பர் சிலர் வியக்கலாம். திரையில் உள்ளதை ஒலியாக்கிச் சொல்லும் மென்பொருள் உண்டு; அதனைத் திரை வாசிப்பான் என்பர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. அவ்வகையினது. விலையின்றிக் கிடைக்கும் இது தமிழையும் படிக்கும், கன்னடத்தையும் படிக்கும். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியுமாக வாழும் நம் குடும்பங்களுக்கு இது பெருநன்மை அன்றோ?

ஆயினும், திரை வாசிப்பான் எத்துணைச் சிறந்ததாயினும், அது படிப்பதற்கு மென்பொருள் இடந்தருதல் வேண்டும். இதனைச் சோதிக்கப் பெரும் புலமை வேண்டுவதில்லை. முதற்கண், மவுஸை ஒதுக்கிவிட்டு விசைப்பலகையால் மட்டும் ஒரு கடிதம் எழுதிச் சேமித்து அச்சிட்டுப் பாருங்கள். 'டேப்' விசையை அழுத்த அழுத்த, நாம் நிற்கும் இடம் முறையாக நகர்கிறதா? அவ்விடம் கண்ணுக்குத் தெரிகிறதா? கை நடுக்கம் உடையோர்க்கு இது முதல் தேவை.

அடுத்து, திரையை அணைத்துவிட்டு, திரை வாசிப்பானின் குரலை மட்டும் கேளுங்கள். "சேமி", "அனுப்பு" என்று பொத்தான்கள் தத்தம் பெயரைச் சொல்ல வேண்டும். வெறுமனே "பொத்தான், பொத்தான்" என்றே ஒலித்தால், எதனை அழுத்துவது? மூன்றாவதாக, எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாகாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் இருத்தல் வேண்டுமென உலக அளவிலான இணைய நெறிமுறை வகுத்துள்ளது. கடன் தொகையைச் சிவப்பு நிறத்தால் மட்டுமே காட்டினால், நிறம் பிரித்தறியாதார் ஏமாறுவர். இணையவழிக் கூட்டத்தில் பேச்சு எழுத்தாக வாராவிடில், காது கேளாதார் வெறும் பார்வையாளராவர்.

பிழைகளைத் தாமே கண்டறியும் கருவிகளும் உள்ளன. படத்திற்கு விளக்கவுரை இல்லையெனில் அவை சுட்டும். அவ்வுரை பொருளுடையதா என்பதை அவை அறியா. ஆதலின், நாள்தோறும் அதனைப் பயன்படுத்தப்போகும் மாற்றுத் திறனாளியே அமர்ந்து, தம் பணியைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்த்தலே மெய்யான சோதனை. மென்பொருள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அச்சோதனை மீண்டும் நடைபெறல் வேண்டும்.

இது இரக்கத்தால் செய்யும் உதவி அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுத் தகவல்கள் அவர்கட்கு எட்டும்படி அமைதல் வேண்டுமென்கிறது. டிஜிட்டல் வசதிகளை அடைதலும் வாழ்வுரிமையின் பகுதியே என உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

பிறர்க்கு இவ்வளவு சொன்ன நாம், நம் குறையையும் ஒப்புக்கொள்ளல் முறை. நம் சங்கத்தின் பொங்கல் விழா அறிவிப்பைத் தாளில் அச்சிட்டுப் படமெடுத்து அனைவர்க்கும் அனுப்பினோம். பார்வையற்ற உறுப்பினர் ஒருவரின் கைப்பேசி அதனைப் "படம்" என்ற ஒரே சொல்லாகப் படித்தது. விழா முடிந்த பின்னரே அவர் செய்தி அறிந்தார். அவர் கோபித்திருந்தால் நம் மனம் ஓரளவு ஆறியிருக்கும். அவரோ, "இது எனக்குப் பழக்கம்தான் ஐயா" என்றார்.

பழைய பாமினி எழுத்துருவில் நாம் அனுப்பிய கடிதங்களும் இத்தகையனவே. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் அவை, திரை வாசிப்பானுக்கு ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவையாகவே கேட்கும். இனி நம் அறிவிப்புகள் யாவும் யூனிகோடு எழுத்தில், படமாக அன்றி எழுத்தாகவே வரும். அன்பர்களும் தத்தம் அலுவலகத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், மவுஸை ஒதுக்கி வைத்துப் பாருங்கள். எங்கே தடைப்பட்டீர்கள் என்பதை உரியவர்க்கு எழுதுங்கள். "பழக்கம்தான்" என்ற அச்சொல்லை நம்மவர் எவரும் மீண்டும் சொல்ல நேராதிருக்கட்டும்.