கடல் கடந்து போரில் மாண்ட மூதாதையரைத் தேடுவது எப்படி?

சந்தேகங்களும் விளக்கங்களும்

"பூட்டன் பட்டாளத்துக்குப் போனவர், திரும்பி வரேல்லை." களுபோவிலையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல தமிழ்க் குடும்பங்களில் இந்த ஒரு வரியோடு கதை முடிந்துவிடுகிறது. இரண்டு உலகப் போர்களிலும் இலங்கையில் கட்டாய ஆட்சேர்ப்பு இருக்கவில்லை. போனவர்கள் தாமாகவே போனார்கள். அவர்களில் பலருடைய பெயரும் இறந்த நாளும் நினைவிடமும் இன்றும் தேடினால் கிடைக்கும். அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

எங்கே தொடங்குவது?

வீட்டில். குடும்பத்தின் மூத்தவர்களிடம் அவரது முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், எந்த நாட்டுக்குப் போனார், கடைசிக் கடிதம் எங்கிருந்து வந்தது என்பவற்றைக் கேட்டு உடனே எழுதி வையுங்கள். பழைய பெட்டியில் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். முதலாம் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் சேவை இலக்கம், பெயர், பதவி, படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அனுப்பிய வட்டமான வெண்கலத் தகட்டில் பெயர் மட்டுமே இருக்கும். பதக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். எழுத்து அழிந்தால் தடயமும் போய்விடும்.

எந்தப் படையில் இருந்தார் என்றே தெரியாது. என்ன செய்யலாம்?

தேடலில் முதலில் துலங்க வேண்டியது இதுதான், ஏனெனில் படைக்குப் படை ஆவணம் இருக்கும் இடம் மாறும். நம்மவர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் போனார்கள். முதலாவது, 1949இல் இலங்கை இராணுவம் உருவாகும் வரை இருந்த இலங்கைப் பாதுகாப்புப் படை. இலகு காலாட்படை, பீரங்கிப் படை, பொறியியல் படை முதலியன இதற்குள் அடங்கும். இரண்டாவது, இரண்டாம் உலகப் போரில் இங்கே ஆள் திரட்டி மத்திய கிழக்குக்கு அனுப்பிய பயனியர் படை போன்ற பிரித்தானியப் பிரிவுகள். மூன்றாவது, மலாயாவில் ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்கள் சேர்ந்த தொண்டர் படைகள். யாழ்ப்பாணத்து 'மலாயன் பென்ஷனியர்' குடும்பங்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். நான்காவது, மதராஸ் ரெஜிமென்ட், மதராஸ் சாப்பர்ஸ் முதலிய இந்தியப் படைகள். தமிழ்நாட்டு வேர் உள்ள குடும்பங்களுக்கு இது முக்கியம்.

பெயரைத் தேட ஒரே இடத்தில் பட்டியல் உண்டா?

உண்டு. பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு 1917இல் தொடங்கப்பட்டது. இரண்டு உலகப் போர்களிலும் உயிரிழந்த சுமார் 17 இலட்சம் பேரின் விவரங்களை அது பேணுகிறது. அதன் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். பெயர், இலக்கம், படைப்பிரிவு, இறந்த திகதி, கல்லறை அல்லது நினைவுச்சின்னம் ஆகியவை கிடைக்கும். சில பதிவுகளில் பெற்றோர் பெயரும் ஊரும் இருக்கும். ஆள் அவர்தானா என்பதை உறுதிப்படுத்த அது பேருதவி.

குண்டடி பட்டுத்தான் இறந்திருக்க வேண்டும் என்றில்லை. 1914 ஓகஸ்ட் 4 முதல் 1921 ஓகஸ்ட் 31 வரையும், 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரையும் சேவையில் இருந்தபோது நோயாலோ விபத்தாலோ இறந்தவர்களும் இதில் அடங்குவர்.

பெயரைப் போட்டால் ஒன்றும் வருவதில்லையே?

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுதுவினைஞர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கந்தையா, நடராஜா போன்ற பெயர்களின் கடைசியில் 'எச்' எழுத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் தேடுங்கள். சின்னத்தம்பி 'எஸ்' என்றும் 'சி' என்றும் தொடங்கலாம். தகப்பன் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கலாம். ஆகவே இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் பெயரை விட்டுவிட்டு, படைப்பிரிவையும் இறந்த ஆண்டையும் மட்டும் கொடுத்துத் தேடுங்கள்.

பதிவு இருக்கிறது, கல்லறை இல்லை. ஏன்?

இந்துச் சிப்பாய்கள் பலர் எரியூட்டப்பட்டனர். அவர்களின் பெயர்கள் தகன நினைவுச்சின்னங்களில் உள்ளன. உடல் கிடைக்காதவர்களுக்குப் பொது நினைவுச்சின்னங்கள் உண்டு. சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கும் அதிகமான பெயர்களும், மியன்மாரின் தாவுக்கியானில் ஏறத்தாழ 27,000 பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. பதிவிலுள்ள தூண் அல்லது பலகை இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனால் பெயரைக் கண்டுபிடிக்கலாம்.

எங்கள் ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஆணைக்குழுவே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. முதலாம் உலகப் போரில் இறந்த, பெரும்பாலும் ஆபிரிக்க, ஆசியப் படையினரான 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது மேலும் 116,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அது கூறியது. ஈராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் பெயரில்லை, எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது.

விடுபட்ட பெயரை இப்போதும் சேர்க்கலாம். அவர் படையில் இருந்தார், மேலே சொன்ன காலத்துக்குள் இறந்தார் என்பதற்கான ஆவணங்களோடு ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டும்.

நேதாஜியின் படையில் இறந்தவர்கள்? சயாம் மரண ரயில் பாதையில் இறந்த தோட்டத் தொழிலாளர்கள்?

ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கமாட்டார்கள். நேதாஜியின் படையான இந்திய தேசிய இராணுவம் பிரித்தானியருக்கு எதிராகப் போரிட்டது. அது பற்றிய ஆவணங்களை டெல்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். ரயில் பாதை போட யப்பானியரால் கொண்டுபோகப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழர்கள் படையினர் அல்ல என்பதால், அதே பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குக் கிடைத்த பெயர் பொறித்த கல்லறை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இது பெரிய அநீதி.

கொழும்பிலேயே எங்கே தேடலாம்?

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத் திணைக்களத்தில் அரசாங்க வர்த்தமானிகளும் பழைய பத்திரிகைகளும் உள்ளன. இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளுக்கு வீரகேசரி, தினகரன் இதழ்களைப் பாருங்கள். விஹாரமகாதேவி பூங்காவிலுள்ள போர் நினைவுத்தூபி கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்தது. காலிமுகத்திடலில் நின்ற அதை, யப்பானியருக்கு அடையாளக்குறி ஆகிவிடும் என்ற அச்சத்தால் போர்க்காலத்தில் இங்கே மாற்றினார்கள். அங்குள்ள நினைவுச் சுவரில் இறந்தவர்களின் பெயர்கள் உள்ளன. நேரில் போய் வாசியுங்கள்.

வெளிநாட்டில் நேர்ந்த மரணம் இங்கே பதியப்படாமல் இருக்கலாம். எனவே அவரது பிறப்பு, விவாகப் பதிவுகளை, அவை பதிவான ஊருக்குரிய பிரதேச செயலகத்தில் கேளுங்கள். உறவை நிரூபிக்க அவை தேவைப்படும்.

படைச் சேவை விவரங்கள் அடங்கிய கோப்பு இல்லை என்று பதில் வந்தால்?

அவர் படையில் இருக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். 1940 செப்டெம்பரில் இலண்டன் மீது நடந்த குண்டுவீச்சில், முதலாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின. பதக்கப் பதிவு அட்டைகள் தப்பியுள்ளன; அவற்றின் பிரதிகளை இலண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம்.

பணம் தந்தால் தேடித் தருகிறோம் என்கிறார்களே?

ஆணைக்குழுவின் பட்டியலில் தேடுவதற்கும், விடுபட்ட பெயரைச் சேர்க்க விண்ணப்பிப்பதற்கும் கட்டணம் இல்லை. யாரிடமும் காசு கொடுப்பதற்கு முன் இந்த இரண்டையும் நீங்களே செய்து பாருங்கள். பதக்கத்தையும் மூலக் கடிதங்களையும் எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். படம் எடுத்துப் பிரதியைக் கொடுங்கள். விவரம் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அடுத்த விடுமுறை வரை தள்ளிப் போடாமல், இந்த வாரமே அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.