ஷெங்கன் விசா: எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது?

கண்டியிலிருந்து செல்பவர் பாரிஸிலுள்ள மகளையும் சூரிச்சிலுள்ள தம்பியையும் ஒரே பயணத்தில் பார்த்துவர ஒரு ஷெங்கன் விசா போதும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கன் வலயத்தில் உள்ளது. லண்டனுக்கோ தனி விசா வேண்டும்.

அதிக நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமென்றால், முதலில் நுழையும் நாட்டிடம். மாறிக் கொடுத்தால் விண்ணப்பம் திரும்பிவரும், பயணத் திகதி தவறும்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். பரிசீலனை 45 நாட்கள் வரை நீளக்கூடும். பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. நிராகரித்தால் திரும்பக் கிடைக்காது. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் அவசியம். முதன்முறை விண்ணப்பிப்போர் கைரேகை பதிய நேரில் செல்ல வேண்டும்.

விசா கைக்கு வருமுன் விமானச் சீட்டுக்கு முழுப் பணம் கட்டாதீர்கள்.