வெளியூர் ஆட்டம் காணச் செல்லுதல்

கல்லூரி அணி தன் முற்றத்தில் ஆடும்பொழுது காண்பது எளிது. மணி அடித்ததும் புத்தகக் கட்டோடு மதிலோரம் நின்றாற் போதும். அவ்வணி வேற்றூர் சென்று ஆடும்பொழுது உடன் சென்று காண்பதோ பிறிதொரு காரியம். அதற்குப் பணம் வேண்டும், விடுமுறை வேண்டும், வீட்டாரின் இசைவும் வேண்டும். நாற்பது நிமிட ஆட்டத்துக்காக இரண்டு இரவும் ஒரு பகலும் செலவிடுவது அறிவுடைமையோ என்று நண்பர் ஒருவர் என்னை வினவினார். அன்று தக்க விடை கூற என்னால் இயலவில்லை. இம்மலர் வாயிலாகக் கூற முயல்கின்றேன்.

கூடைப்பந்தாட்டத்தின் பிறப்புப் பலரும் அறிந்ததே. 1891 டிசெம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கல்லூரி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், பனிக்காலத்தில் வெளியே ஆடவியலாத மாணவர்க்காக இதனை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைந்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பதின்மர். அன்றைய ஒன்பதின்மர் இன்று ஐவராயினர். அன்றைய பத்தடி உயரம் இன்றும் பத்தடியே. குளிருக்கு அஞ்சிக் கூரையின் கீழ்ப் பிறந்த ஆட்டம் நம் நாட்டிலே வெயிலிற் காயும் சீமெந்துத் தரைக்கு வந்து சேர்ந்தது ஒரு விநோதந்தான்.

மட்டக்களப்பில் இவ்வாட்டம் வேரூன்றியமைக்கு அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியர் பெரிதும் காரணராவர். 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரி அவர்தம் பயிற்சியால் இத்துறையிற் பெயர்பெற்றது. சுவாமி விபுலானந்தர் இளமையிற் பயின்றதும், பின்னர் ஆசிரியராய்ப் பணியாற்றியதும் அக்கல்லூரியிலேயே. ஆதலின் இந்துக் கல்லூரி மலரொன்றில் அதனைப் புகழ்வதில் எனக்குக் கூச்சமில்லை. அங்கும் திருகோணமலையிலும் மாணவரைப் பயிற்றியவருள் ஒருவர் லூசியானா மாநிலத்தவரான இயூஜின் ஹேபர்ட் அடிகளார். 1990 ஓகஸ்ட் 15ஆந் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவரும், உடன் சென்ற இளைஞர் ஒருவரும் வந்து சேரவில்லை.

இதனை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. யான் மாணவனாயிருந்த ஆண்டுகளில் பயணம் என்பது இத்தகையது. புகைவண்டி நெடுங்காலம் தடைப்பட்டிருந்தது; வீதியெங்கும் சோதனைச் சாவடிகள். அணி சென்றால் அணி மட்டுமே செல்லும். ஆட்டம் எவ்வாறு நிகழ்ந்ததென்பதை அவர்கள் மீண்டு வந்து சொல்லக் கேட்போம். சொல்பவன் தான் தவறவிட்ட பந்தைப்பற்றிச் சொல்லமாட்டான் என்பது வேறு கதை. வென்றார்களா என்று கேட்கும் முன்னே, எல்லாரும் வந்துவிட்டார்களா என்று தலைகளை எண்ணிய பெற்றோரை யான் கண்டிருக்கின்றேன்.

இனி, வெளியூர் ஆட்டம் ஏன் கடினம் என்பதைச் சற்று விளக்குவேன். நம் பிள்ளைகள் பழகுவது திறந்த வெளியில். கச்சான் காற்று வீசும் மாதங்களிலே, எறியும் பந்து எவ்வளவு விலகும் என்பதைக் கை தானாகவே கணித்துக்கொள்ளும். அதே கை கொழும்பிலே கூரையிட்ட மண்டபத்துக்குச் சென்றால், இல்லாத காற்றுக்கு இடங்கொடுத்து எறிகின்றது. பந்து வளையத்தின் விளிம்பிற் பட்டுத் தெறிக்கின்றது. பலகைத் தரையிற் பந்து எழும் விதமும், சப்பாத்து வழுக்கும் விதமும் வேறு. வளையத்தின் விட்டம் 45 சென்ரிமீற்றர். பந்தின் விட்டம் ஏறத்தாழ 24. இடம் தாராளமாக இருப்பதுபோலத் தோன்றும். புதிய மண்டபத்தில் முதற் பத்து நிமிடமும் அது எங்கே போய்விடுகின்றதோ தெரியாது.

பழைய மாணவர்க்கும் ஓர் எச்சரிக்கை. நீங்கள் ஆடிய ஆட்டம் இன்று இல்லை. தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்னும் விதி உலகச் சம்மேளனத்தின் ஏட்டில் 1984இல் ஏறிற்று, அக்கோடும் 6.25 மீற்றரிலிருந்து 2010இல் 6.75க்குப் பின்சென்றது. இருபது நிமிடப் பாதிகள் இரண்டு 2000ஆம் ஆண்டிற் பத்து நிமிடக் கால்கள் நான்காயின. எறிவதற்குரிய அவகாசமும் 30 நொடியிலிருந்து 24 ஆகச் சுருங்கிற்று. இதனை அறியாது மத்தியஸ்தரை ஏசிய மூத்தோர் ஒருவரின் அருகில் அமர்ந்து யான் பட்ட வெட்கம் போதும்.

சில ஆண்டுகளின் முன், கொழும்பில் நிகழ்ந்த ஓர் ஆட்டத்துக்கு நம் பிள்ளைகளோடு சென்றேன். மாலையில் களுவாஞ்சிக்குடிச் சந்தியிற் பஸ் ஏறி, களுதாவளை, ஆரையம்பதி, காத்தான்குடி கடந்து, கல்லடிப் பாலத்தால் நகரை அடைந்து, இரவுப் புகைவண்டி பிடித்தோம். அதன்மேல் ஏறத்தாழ 350 கிலோமீற்றர். உடன் வந்தோர் நால்வரே. அவருள் ஒருவர் படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலங் கடந்து வந்த கமக்காரர். அணியிலுள்ள ஒரு பையனின் தந்தை. மகன் ஆடியதை அவர் ஒருநாளும் கண்டதில்லை. மாலை வேளைகளில் அவர் வயலில் நிற்பவர். மன்னம்பிட்டியிற் புகைவண்டி மகாவலியைக் கடக்கையில், விழித்திருந்தவர் அவரும் யானுமே. முன்னர் அப்பாலத்திலேயே மோட்டார் வண்டிகளும் சென்றன என்று அவருக்குக் கூறினேன். நெல் லொறியில் அதனால் தாம் போயிருப்பதாக அவர் கூறினார்.

ஆட்டந் தொடங்கிற்று. அவர் மகன் மாற்றாட்டக்காரர் வாங்கில் இருந்தான். முதற் காலிலும் இரண்டாங் காலிலும் அவன் எழவில்லை. “எங்கட பொடியன் எப்ப சேர் இறங்குவான்?” என்று தந்தை கேட்டார். யான் இவ்விளையாட்டின் இயல்பை, பயிற்றுநர் ஆட்களை மாற்றும் முறையை, விரிவாக எடுத்துரைத்தேன். அவர் கேட்டதற்கு அது விடையன்று என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இறுதிக் காலில், நம் அணி பதினெட்டுப் புள்ளி பின்னடைந்திருந்தபொழுது, அவனை அனுப்பினர். மூன்று நிமிடம் ஆடினான். பந்து அவன் கைக்கு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் நல்ல இடத்தில் நின்றவனுக்குக் கொடுத்துவிட்டான். புள்ளி எதுவும் பெறவில்லை. பத்திரிகைச் செய்தியில் அவன் பெயர் வராது. ஊரிலிருந்து கேட்டறிவோர்க்கு அவன் ஆடினான் என்பதே தெரியாது. மண்டபத்தில் அவன் இறங்கியதும் எழுந்து நின்றவர் ஒருவரே. அவ்வொருவரும் கைதட்டவில்லை, தலைப்பாகைத் துண்டைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வண்டியிற் பிள்ளைகள் பேசாதிருந்தனர். பையன் தந்தையருகில் வந்தமர்ந்து, வந்த செலவு வீணாயிற்றென்று மெல்லச் சொன்னான். அவர் கட்டிவந்த சோற்றுப்பொதியை அவிழ்த்தார்.

“ரெண்டு தரமும் நீ மற்றப் பொடியனுக்குக் குடுத்தத நான் கண்டன், மகன். சாப்பிடு.”