இரைப்பைப் புண்ணும் இளமைக்கால வாழ்நிலையும்

இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் ஏற்படும் புண்களுக்கு மனக்கவலையும் உணவுப் பழக்கமும் மிகையான அமிலச் சுரப்புமே காரணம் என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேலோங்கி நின்றது. இதன்படி நோய்க்குப் பொறுப்பாளி நோயாளியே. சமூகத்திலே தேடவேண்டிய காரணத்தைத் தனிமனிதனின் சுபாவத்திலே தேடும் இத்தகைய போக்கு இலக்கிய விமரிசனத்தில் ஈடுபட்டுள்ள நமக்குப் புதியதன்று.

1979 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் நோயியலாளர் ரொபின் வோரன் இரைப்பை இழையங்களில் வளைந்த பக்டீரியாக்களை அவதானித்தார். 1982 இல் அவரும் பரி மார்ஷலும் அவற்றை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்தனர். அமிலம் மிகுந்த இரைப்பையில் கிருமிகள் நிலைத்து வாழா என நம்பிய பலர் இதனை ஏற்கத் தயங்கினர். 1984 இல் மார்ஷல் அக்கிருமிகளைத் தாமே அருந்தி இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். பின்னர் ஹெலிக்கோபக்டர் பைலோரி எனப் பெயர்பெற்ற இக்கிருமி பற்றிய கண்டுபிடிப்புக்காக 2005 இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இத்தொற்று யாரைப் பற்றுகிறது என்ற வினாவே நமது கவனத்துக்குரியது. வளர்ந்தோரிடம் காணப்படும் தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, குடும்பத்தினுள்ளேயே பெறப்பட்டதாகும். மருந்தின்றேல் அது வாழ்நாள் முழுவதும் நிலைக்கிறது. 1992 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, குழந்தைப் பருவத்தில் நெருக்கடியான வீட்டில் வாழ்ந்தமையும் வீட்டில் வெந்நீர் வசதி இல்லாதிருந்தமையும் முதிர்ந்த வயதில் காணப்படும் தொற்றுடன் தொடர்புடையன எனக் காட்டியது. வளர்ச்சியடைந்த நாடுகளில் முதியோரிடையே தொற்று மிகுந்திருப்பதும் முதுமையினால் மட்டுமன்று. அவர்கள் பிறந்து வளர்ந்த காலத்து வாழ்நிலையின் தடயமே அது. ஐம்பது வயதினரின் வயிற்றிலே ஐந்து வயதில் அவர் வாழ்ந்த வீட்டின் வரலாறு பதிந்துள்ளது எனலாம்.

எனினும், மனக்கவலையின் இடத்தில் கிருமியை வைத்து அமைதிகாண்பதும் ஒருவகை எளிமைப்படுத்தலே. தொற்றுடையோரில் பெரும்பாலானோருக்குப் புண் தோன்றுவதில்லை. கிருமியின் வகை, புகைத்தல் முதலியனவும் இதில் பங்குகொள்கின்றன. அஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகளோ தொற்றில்லாதவர்களிடமும் புண்ணை உண்டாக்க வல்லன. தொற்றுடன் சேரும்போது ஆபத்து மேலும் பெருகுகிறது. உடலுழைப்பால் நாள்தோறும் வலியுற்று மாத்திரையை நாடும் தொழிலாளியிடம் இவ்விரு காரணிகளும் ஒன்றுசேரக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் நுண்ணுயிர்க்கொல்லிகளையும் இணைத்து வழங்கும் சிகிச்சை, தொற்றினால் வரும் புண்ணை ஆற்றுவதோடு அது மீண்டும் வருவதையும் பெரிதும் தடுக்கிறது. ஆயின் நுண்ணுயிர்க்கொல்லிகளின் கட்டுப்பாடற்ற பாவனையால் எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகள் பெருகி, அச்சிகிச்சையின் பயனைக் குன்றச் செய்கின்றன. தடுப்பூசி எதுவும் வழக்கில் இல்லாமலே வளர்ச்சியடைந்த நாடுகளில் இத்தொற்று தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துவந்துள்ளமை, வீடும் நீரும் சுகாதாரமும் மேம்பட்டதன் விளைவாகும். ஆகவே, நோயாளியிடம் “கவலைப்படாதீர்” என்று கூறுவதோடு நமது கடமை முடிவதில்லை. அவருக்கு உரிய பரிசோதனையும் மருந்தும் கிடைக்கவேண்டும். அவருடைய பிள்ளைகளுக்கு இடவசதியுள்ள வீடும் தூய நீரும் கிடைக்கவேண்டும். முன்னையது மருத்துவரின் பணி. பின்னையது சமூகம் முழுவதன் பொறுப்பு.