மே மழை, ஜூலைக் காய்ச்சல்

கொழும்பின் வெள்ளவத்தைக் கால்வாயைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, “டெங்கு இங்கயிருந்துதான் வருது” என்று சொல்வார்கள். பாவம் கால்வாய். அதில் பெருகுவது பெரும்பாலும் இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் நுளம்பு. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் பகலில் கடிப்பது; அதற்கு வேண்டியது வீட்டை ஒட்டித் தேங்கும் தெளிந்த நீர். கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கட்டி முடியாத அடுக்குமாடியின் தளம் என்று காலி வீதியோரம் அதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை.

2017 மே கடைசியில் தென்மேற்கு இலங்கையில் பெருவெள்ளம். இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஓடும் வெள்ளம் நுளம்புக் குடம்பிகளையும் அடித்துக்கொண்டு போய்விடும். மழை ஓய்ந்து, ஆங்காங்கே நீர் தங்கிய பிறகுதான் வினை. முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். அது ஒரு நோயாளியைக் கடித்தால், வைரஸ் குடலைத் தாண்டி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச்சேர 8 முதல் 12 நாள். அடுத்துக் கடிபட்டவருக்குக் காய்ச்சல் காண 4 முதல் 10 நாள். முதல் சுற்றுக்கே ஒரு மாதம் ஓடிவிடும். அந்த ஜூலையில் மட்டும் 40,000 பேருக்கு மேல் டெங்கு. ஆண்டு முழுவதும் 186,000 பேருக்கு மேல். இலங்கை அதுவரை கண்டிராத எண்ணிக்கை.

மழையின் மேல் மட்டும் பழி போட முடியாது. அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. கொட்ட இடமில்லாமல் கொழும்பின் குப்பை தெருக்களில் தேங்கியது. ஒவ்வொரு யோகட் கோப்பையும் சிரட்டையும் மழைக்கு வாய் திறந்து கிடந்தன. வைரஸும் மாறியிருந்தது. நான்கு வகைகளில் இரண்டாம் வகை அவ்வாண்டு மேலோங்கியது. ஒரு வகையில் தேறியவருக்கு மற்ற மூன்றிடமிருந்து நிலையான பாதுகாப்பு இல்லை. சிலருக்கு இரண்டாம் தொற்றே கடுமையாகும்.

எனக்கு வியப்பூட்டுவது வெப்பத்தின் பங்கு. நுளம்பின் ஆயுள் சில கிழமைகள்தான். உடலுக்குள் வைரஸ் முதிருமுன் அது செத்துவிட்டால் எவருக்கும் கெடுதல் இல்லை. வெப்பம் கூடக்கூட வைரஸ் வேகமாக முதிர்கிறது; வழக்கமாக வைரஸ் முதிருமுன் செத்துவிடக்கூடிய நுளம்பு, சாவதற்கு முன்பே நோயைக் கடத்திவிடுகிறது. கொழும்பின் இரவுகளோ குளிர்வதே அரிது.

வறட்சியும் ஈடிஸுக்குத் தோல்வி அல்ல. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தும்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.